எல்தோவின் ஜீப் தரையிறங்கிய வரலாறு

எல்தோ லைசென்ஸ் வாங்கிய மறுநாளே அவன் ஜீப் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஓட ஆரம்பித்தது. கொக்கறப்பாறை ஜீப் ஸ்டாண்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக ஓட்ட வருகிற பயல்களுக்கு வண்டி கொஞ்சம் மேலே கிளம்பத்தான் செய்யும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு இடுப்பு வலி நின்றது. டயர் கடை வறீது மட்டும் பிழைப்பு போச்சு என்று மூக்கைச் சிந்தினான். சிக்கல் ஒன்றுதான்: அந்தரத்தில் பிரேக் பிடிக்காது. வளைவில் முந்துவது, ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கை ஒடிப்பது, கண்ணாடியைத் திருப்பி முடி கோதுவது என்று எல்தோவின் கெத்து கூடக் கூட உயரமும் கூடியது. வண்டியை நிறுத்த யார் வீட்டு வைக்கோல் போரையாவது தேட வேண்டியிருந்தது. ஒருநாள் போர் கிடைக்காமல் பாதிரியாரின் கோழிக்கூட்டில் நின்றான்.

ஜீப் ஓட்டுநர் சங்கம் கூடியது. டீ கேட்பதற்கும் முன்னுரை வைக்கிற செயலாளர் ஸ்கறியா, புவியீர்ப்பு தனிநபர் விருப்பமல்ல, உழைக்கும் மக்களின் பொதுச்சொத்து என்று சோறு ஆறும்வரை பேசினார். மாதா கோயில் பெருநாளுக்குள் நாலு சக்கரமும் தரையில் பட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாண்டில் எல்தோவுக்குச் சவாரி முறை கிடையாது என்பது தீர்மானம். ஒரு சக்கரமாவது பட்டால் போதும் என்பது திருத்தம். திருத்தம் நிறைவேறியது. முறை போனால் ஜீப்பை விற்றுவிட்டு மாமாவின் பன்றிப் பண்ணைக்குத்தான் என்று அவன் அம்மா சாராம்மா சொல்லிவிட்டாள். மாமா அவனுக்கென்று தீவன வாளியே வாங்கி வைத்துவிட்டார். எல்தோ பின்சீட்டில் கருங்கல் ஏற்றிப் பார்த்தான். கல்லும் சேர்ந்து மிதந்தது.

பெருநாளுக்கு முந்தின நாள், விருந்துக்காகக் கள் ஊற்றிப் புளிக்கவைத்த கள்ளப்ப மாவை மலையிலிருந்து இறக்கினான். அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் சமையல்கார மறியச் சேடத்தி. மாவும் பொங்கியது, ஜீப்பும் எழும்பியது.

"டேய், மெல்லப் போடா! மாவு என் மடியில குடிவந்துடுச்சு!"

பனிமூட்டத்தில் செங்கல் லாரி ஒன்று ஏறி வந்தது. ஜீப் பலூன் மாதிரி அதன் மூக்கில் முட்டி நின்றது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் பின்னால் போக வேண்டும். அந்த மலையில் ஆடுகூட அப்படித்தான். எல்தோ அதுவரை பின்னால் போனதேயில்லை, எதிரே வந்தவர்கள்தான் பயந்து பின்னால் போனார்கள். லாரிக்காரன் தூக்குச் சட்டியைத் திறந்தான். "நீ யோசிச்சு முடி மோனே, நான் கஞ்சி குடிச்சுக்கறேன்."

"இவன் யோசிக்கிறதுக்குள்ள மாவு புளிச்சே போயிரும்," என்றாள் சேடத்தி.

எல்தோவுக்கு வாளி கண்முன் வந்தது. கண்ணாடியைத் திருப்பினான். தன் முடிக்குப் பின்னால் ஒரு சாலை இருப்பதை அன்றுதான் பார்த்தான். நத்தையாகப் பின்னால் ஊர்ந்து, அகலமான இடத்தில் ஒதுங்கி, "போங்க சேட்டா, தப்பு என்னோடது," என்றான். சொல்லி வாய் மூடுவதற்குள் வலது பின்சக்கரம் தொப்பென்று தரையில் விழுந்தது. பிரேக்கை மிதித்தான். பிடித்தது.

"நல்லா இறக்கினே போ," என்றாள் சேடத்தி, முகத்து மாவை வழித்து அண்டாவில் போட்டபடி.

சங்கம் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து முறையைக் கொடுத்தது. இது இயக்கத்தின் வெற்றி என்று ஸ்கறியா முழங்கியபோது அவர் நாற்காலி ஒரு சாண் எழும்பியது. மரியாதை கருதி யாரும் கவனிக்கவில்லை. ஓராண்டு ஜீப் சாய்ந்தபடியே ஓடியது. இரண்டாவது சக்கரம் ஒரு மழைக்காலம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய பின் இறங்கியது, மூன்றாவது ஒரு வாத்துக் கூட்டத்துக்காகக் காத்து நின்றபோது. நாலாவது எப்போது இறங்கியதென்று எல்தோவுக்கே தெரியாது. டயர் தேய்ந்துவிட்டது என்று வறீது சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் குனிந்து பார்த்தான்.

இப்போது புதுப் பயல்களின் ஜீப் தலைக்கு மேலே போனால் அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டீ கிளாஸைக் கையால் மூடிக்கொள்கிறான், தூசி விழும்.