எட்டாம் நம்பர் மலையின் கவ்வாத்து

1.
இந்தக் கதை என் வெட்கக்கேட்டிலிருந்து பிறந்தது. இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வாத்தியார் நான், பெயர் யேசுரட்ணம். அவ்வப்போது கதையும் எழுதுவேன், அதுதான் வினை. இந்த வருடம், 1953இல், எழுதிய முதல் வரி இது: ‘பனிமூட்டத்தில் மலைகள் அழுதன, அப்போது…’ (அடித்துவிட்டேன். மலை எங்கே அழுதது? அழுதது நாகலெட்சுமி.)

2.
நாகலெட்சுமி கொழுந்து பறிப்பவள். புருஷன் செத்துப்போனான், பிள்ளைகள் இரண்டு. பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்தாள். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாள் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவளும் பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை.

“எட்டாம் நம்பர் மலைய கவ்வாத்து வெட்டுனாங்களே, அந்த வருசம் வந்தேங்க. அடுத்த கவ்வாத்துக்கு மூத்தவன் பொறந்தான். அதுக்கடுத்ததுக்கு மக.”

[கவ்வாத்து: சில வருடங்களுக்கொருமுறை தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிடுவது. தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு ‘மலை’, அதற்கொரு நம்பர்.]

ஆகா, என்ன உருவகம் என்று எனக்குப் புல்லரித்தது! ‘வெட்ட வெட்டத் துளிர்க்கும் செடிகள் நாங்கள்’ என்று விண்ணப்பத்தில் எழுதினேன். தோட்டத் தமிழரின் வோட்டை அரசாங்கம் பறித்துவிட்ட காலத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? வாசித்தும் காட்டினேன். “நல்லாருக்குங்க” என்றாள், பாவம்.

3.
விசாரணையில் அதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று. இங்கே வந்தது எப்போது? என் அழகான எழுத்தில் அது இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி.

நேரே என் வாசலுக்கு வந்தாள். “செடி துளிர்க்கும்னு எழுதி என்னாங்க ஆச்சு? நான் வருசமுல்ல சொன்னேன்! எந்த மலைய எப்ப வெட்டுனாங்கன்னு ஆபீசு புஸ்தகத்துல தேதியோட இருக்குமே. கிளாக்கரய்யாவக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே!”

அவள் தேதியைச் சொல்லியிருக்கிறாள், நான் அதைக் கவிதையாகக் கேட்டிருக்கிறேன். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

4.
முடிவு ஒன்று: மேன்முறையீட்டில் வென்று அவள்… (ஆசைதான். இன்னும் நடக்கவில்லையே.)

முடிவு இரண்டு: அவளை இந்தியாவுக்கு ஏற்றிப்போகும் கப்பல் தலைமன்னாரை விட்டு நகர, கரை ஒரு… (பாருங்கள், மறுபடியும் ஓர் உருவகம் தலையை நீட்டுகிறது!)

உண்மையில் மேன்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கிளாக்கர் பழைய புஸ்தகங்களைத் தேடுகிறார். பாதியைக் கறையான் தின்றுவிட்டதாம். நாகலெட்சுமி என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

“நான் சொல்றத சொன்னபடியே எழுதுங்க.”

எழுதுகிறேன்: ‘எட்டாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டிய வருடம் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். அந்தத் தேதி:           ’

இடம் விட்டிருக்கிறேன். வாசகரே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அழகாக ஏதாவது தோன்றினால் அதை இங்கே எழுதிவிடாதீர்கள்.