டீசல் சுரந்த ஜெனரேட்டர்

இதில் ஒரு சொல் பொய்யானாலும், என் பெயரில் மிச்சமிருக்கும் மூன்று மா நஞ்சை நிலமும் வக்கீல் வீட்டுக்கே போகட்டும். கிழக்குப் பார்த்து நின்று, வாயில் வெற்றிலை இல்லாமல் இந்தச் சத்தியத்தைச் செய்கிறேன்.

என் மருமகள் அம்சம், ஒரத்தநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்றை வாங்கினாள். கரண்டில் சூடாகிற பெட்டி. உள்ளே இருநூற்று நாற்பது வாத்து முட்டைகள். எங்கள் பக்கத்து வாத்து அடைகாக்காது. முட்டையை வயலில் போட்டுவிட்டு அதுபாட்டுக்குப் போய்விடும். பெட்டிதான் தாய். இருபத்தெட்டு நாள் சூடு விடாமல் இருந்தால் குஞ்சு, விட்டால் கூமுட்டை.

"இது பொரிச்சா பண்ணை வைப்பேன் மாமா. பொரிக்கலைன்னா மறுபடி திருப்பூருக்கே தையலுக்குப் போயிடுவேன். உங்க சோத்த நீங்க பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தாள். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எனக்கு வெந்நீர்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது. ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருந்தது வாத்து மட்டுமில்லை.

இருபத்து நான்காம் நாள் புயல் அடித்தது. மின்கம்பங்கள் வரப்பில் தலைவைத்துப் படுத்துவிட்டன. விடிந்தால் பளீரென்று வெயில். மாடியில் சோலார் தகடு இருக்கிறதே என்று நான் நிம்மதியாகக் கீழே வந்தால், வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை. தகட்டை மாட்டிக் கொடுத்தவருக்குப் போன் போட்டேன்.

"லைன் கரண்ட் போனா அதுவும் நின்னுடுங்க. உங்களுது பேட்டரி இல்லாத சோலார். அது கரண்ட்ட வெளியே தள்ளுனா கம்பத்துல நிக்கிற ஆளு போயிடுவாருல்ல?"

"அப்ப, கரண்ட் இருக்கிறப்ப கரண்ட் குடுக்கத்தான் இதை வாங்கினேனா?"

"ஆமாங்க" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்து வீட்டில் என் பங்காளி குஞ்சிதபாதத்திடம் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அவர் இரட்டை இலைக் கட்சிக்காரர். சூரியனைத் தன் வீட்டு மாடியில் ஏற்றமாட்டேன் என்று கட்சிக் கொள்கையாகவே ஜெனரேட்டர் வாங்கியவர். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழ அகல வரப்பு பற்றி இருபத்தைந்து வருடமாக வழக்கு. ஆட்சி நான்கு முறை மாறிவிட்டது, வாய்தா மாறவில்லை. பதினோரு வருடமாகப் பேச்சும் இல்லை.

பேசாமல் எப்படிக் கேட்பது? வேலியோரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய் மாட்டிடம் சொன்னேன்.

"ஏ மாடே, நம்ம அம்சம் முட்டையெல்லாம் குளுந்து போவுதாம். ஜெனரேட்டர் வச்சிருக்கிறவங்களுக்குக் காது கேக்குதான்னு பாரு."

அந்தப் பக்கம் குஞ்சிதபாதம் தன் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"முருங்கையே, அந்தப் புள்ளைக்காகத் தரலாம். கெழத்துக்காக இல்ல. வரப்பு அளந்தப்ப சங்கிலிய இழுத்துப் புடிச்ச ஆளு அது."

"மாடே, சங்கிலிய இழுத்தது நானா, அவரு மச்சானா?"

"ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா?" என்று அம்சம் வேலியைத் தாண்டிக் குதித்தாள். "சின்ன மாமா, ஒயரக் குடுங்க."

இரு முனையிலும் பிளக்கில் செருகும் பின் வைத்த ஒரு ஒயர். பந்தல்காரர் யாரோ செய்து கொடுத்ததாம். ஒரு முனை ஜெனரேட்டரில், மறு முனை எங்கள் வீட்டுச் சுவர் பிளக்கில். மெயினை அணைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, முருங்கைக்கும் தோன்றவில்லை.

ஜெனரேட்டர் ஓடியது. பெட்டி சூடானது. அம்சம் சிரித்தாள். ஐந்து நிமிடம்தான். லைன் கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எங்கள் சோலாரும் கண் விழித்தது.

இனி நான் சொல்வதைக் கண்ணால் கண்டேன். வெயில் உச்சியில், வீட்டில் செலவோ ஒரு பெட்டி. மிஞ்சிய கரண்ட் எங்கே போகும்? ஜெனரேட்டருக்குள் போனது. அது முதலில் ஊளையிட்டது. பிறகு நின்றது. பிறகு பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. கொல்லையில் பரவியிருந்த புகை முழுவதும் திரும்பி வந்து குழாய்க்குள் நுழைந்தது. டேங்க் நிரம்பி, மூடி தெறித்து, டீசல் வழிந்தது. இரண்டு குடம் பிடித்தோம்.

"என் டீசல்" என்றார் குஞ்சிதபாதம், பதினோரு வருடத்தில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து.

"என் வெயிலு" என்றேன்.

உள்ளே இன்னொரு கூத்து. அவசரப்பட்டு முன்னதாகவே வெளிவந்திருந்த பதினான்கு குஞ்சுகள், எஞ்சின் பின்னால் சுற்றச் சுற்ற, ஒவ்வொன்றாக நடந்து போய் ஓட்டுக்குள் படுத்துக்கொண்டன. விரிசலும் மூடிக்கொண்டது.

அப்போதுதான் வாசலில் சத்தம். லைன்மேன் வீரையன். கையில் டெஸ்டர், முகத்தில் ரத்தமே இல்லை.

"எவன் வீட்டுலங்க இது? செத்த லைன்ல உசிரு இருக்கு! தொடுறதுக்கு முன்னாடி டெஸ்டர வச்சேன், எரியுது. வைக்காம இருந்திருந்தா எம்பொண்டாட்டி இந்நேரம் ஒப்பாரி வச்சிக்கிட்டு இருப்பா!"

நான் குஞ்சிதபாதத்தைக் காட்டினேன். அவர் என்னைக் காட்டினார்.

வீரையன் முதலில் ஜெனரேட்டரை நிறுத்தி, அந்த ஒயரைப் பிடுங்கி, இரண்டு பின்னையும் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தான். வயரிங் செய்யும் நெய்னா முகம்மதுவைக் கூப்பிட்டான். அவர் மீட்டருக்குப் பக்கத்தில் சேஞ்ச்ஓவர் கைப்பிடி ஒன்றை மாட்டினார். மேலே தள்ளினால் லைன், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் இரண்டும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டும் சேர வழியே கிடையாது. சோலாரை லைன் பக்கத்திலேயே கட்டிவிட்டார். ஜெனரேட்டர் ஓடும்போது அதன் கண்ணில் ஒரு துளி கரண்ட்கூடப் படாது.

"கைப்பிடி கீழேதான் இருக்கணும். நான் எறங்கி வந்து சொல்ற வரைக்கும் ஒருத்தர் காவல் இருக்கணும். இல்லாட்டி ஏறமாட்டேன்" என்றான் வீரையன்.

"நான் இருக்கேன்" என்றேன்.

"இவர நம்பி ஒரு உசுர விடுறதா? நான் இருக்கேன்" என்றார் குஞ்சிதபாதம்.

"ஒங்கள நம்பினா மட்டும்?"

"ரெண்டு பேருமே உக்காருங்க!" என்றாள் அம்சம். டக்கென்று இரண்டு முக்காலியைப் போட்டாள்.

நான்கு நாள் அப்படியே இருந்தோம். ஒரே கைப்பிடியில் என் கை, அதன் மேல் அவர் கை. குளிக்கப் போனால்கூட ஒருவர் மற்றவரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போவோம். மூன்றாம் நாள் அவர், "அந்த வரப்பு அகலம் ஒரு முழமா, ஒண்ணரையா?" என்று கேட்டார். முக்கால் என்றேன். மறுபடி பேச்சு நின்றது.

இருபத்தெட்டாம் நாள் காலை பெட்டிக்குள் டக்டக்கென்று சத்தம். இருநூற்றுப் பதினோரு குஞ்சுகள். அம்சம் பெட்டிமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். திருப்பூர்ப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வீரையனும் முழுசாக இறங்கி வந்து, லைன் சரி என்று சொன்னான்.

அந்தப் புயலுக்குப் பிறகு பன்னிரண்டு நாள் எங்கள் ஊரில் அடைமழை. சூரியனை ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று மாவையும் எப்போது வந்து அளந்துகொள்கிறார் என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.