பதினோரு அத்தியாயம் பேசாதவன்

ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. எந்தப் பாத்திரமானாலும் பார்த்த மாத்திரத்தில் அதற்கொரு குரலை மாட்டிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இந்த நாவலில், வாடகை வசூலிக்க வந்தவரை மாடிப்படியில் தள்ளிக் கொன்றதாக ஒருவன் மேல் வழக்கு. அத்தியாயத்துக்கு ஒரு சாட்சி வந்து, அவன் பேசியதைச் சொல்கிறார். "வழி விடுடான்னு கத்தினான்" என்கிறார் கடைக்காரர். அந்த 'வழி விடுடா'வுக்கு ஒரு கரகரத்த ரவுடிக் குரல் கொடுத்தேன்.

மறுநாள் காலை பதிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். பன்னிரண்டாவது அத்தியாயம் மட்டும்தான் மிச்சம். முன்கூட்டியே படித்தால் குரலில் ஆச்சரியம் செத்துவிடும் என்று எனக்கொரு வீம்பு. அதனால் கடைசி அத்தியாயத்தை அன்றுதான் பார்த்தேன். நீதிபதி அவனை உட்காரச் சொல்கிறார். அவன், "பரவாயில்லைங்க, நான் நின்னுக்கிறேன்" என்கிறான்.

ரவுடிக் குரல் அந்த வரியில் ஒட்டவில்லை.

"இன்னொரு தடவை அக்கா" என்றார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். கொசு மூச்சுவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவரைக் 'காது' என்றே கூப்பிடுவோம். ஆறு தடவை சொன்னேன். ஆறும் பொய்யாக இருந்தது.

எரிச்சலோடு பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. பதினோரு அத்தியாயத்திலும் அவன் வாயே திறக்கவில்லை! பேசியதெல்லாம் சாட்சிகள். "கறுப்பா ஒருத்தன்" என்கிறார் கடைக்காரர். "கன்னங்கரேல்னு" என்கிறார் காவலர். "அந்த இனமே அப்படித்தான்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எழுதியவர் தன் வாயால் அவன் நிறத்தை ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஏழை என்றும் சொல்லவில்லை. அவன் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. யார் வந்தாலும் அதில் உட்காருகிறார்கள், அவன் நிற்கிறான். அந்த வரிகளை நானேதான் வாசித்துவிட்டு, சும்மா கடந்து போயிருக்கிறேன்.

அடேயப்பா! எனக்குப் புல்லரித்துவிட்டது. எப்பேர்ப்பட்ட கை இது! சத்தமே போடாமல் என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டதே.

"முதல் அத்தியாயத்தைப் போடுங்க தம்பி."

என் ரவுடிக் குரல் கேட்டது. கூசிப்போனேன். இருபது வருடங்களுக்கு முன் செய்தி வாசிக்க வேலை கேட்டுப் போனேன். "குரல் பிரமாதம்மா. நிறம்தான் கொஞ்சம்..." என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அழுதவள்தான், முகமே பார்க்காத ஒருவனுக்கு இந்தக் குரலை மாட்டியிருக்கிறேன்.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்க. முதல்லேருந்து படிக்கிறேன். அவன் பேசினதா வர்றதெல்லாம் அந்தந்தச் சாட்சியோட குரல்லயே வரணும்."

"விளையாடுறீங்களாக்கா? நாளைக்குக் குடுக்கலன்னா அடுத்த புத்தகம் உங்களுக்கு வராது."

"வராட்டி போகுது."

வாய்தான் அப்படிச் சொன்னது. இந்தப் பதிப்பகத்தை விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மைக்கை வாய் உயரத்துக்கு ஏற்றினேன். குரல் எதையும் மாட்டிக்கொள்ளவில்லை.

"பரவாயில்லைங்க, நான் நின்னுக்கிறேன்."

'காது' இந்தமுறை 'இன்னொரு தடவை' என்று சொல்லவில்லை. போனை எடுத்துப் பதிப்பகத்தை அழைத்தார்.

"நாளைக்கு முடியாதுங்க" என்றார். "இத்தனை நாளும் நாங்க அவனைக் கேக்கவே இல்ல."