பொதுமக்கள்: அலறல்

ஐந்து வீரர்கள் சேர்ந்து ஓர் அரக்கனிடமிருந்து ஊரைக் காப்பாற்றும் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் அது. அதற்குத் தமிழில் குரல் கொடுக்கும் டப்பிங் ஸ்டுடியோவில் நான் ஒலிப்பதிவாளன். அந்த ஊரின் பொதுமக்கள் என் அக்கா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓடும் கிழவி, தடுக்கி விழுபவள், பிள்ளையைத் தேடுபவள், அந்தப் பிள்ளை எல்லாமே அவள்தான். ஒன்பது வருடமாக ஸ்கிரிப்டில் அவளுக்கு எழுதப்படுவது ‘பொதுமக்கள்: அலறல்’ என்ற ஒரு வரி மட்டும். வீரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் வாளை உருவுவதற்கு முன்னால் ஆளுக்கு இரண்டு நிமிடம் வசனம் பேசுவார்கள். அரக்கனும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நிற்பான். அதுவரைக்கும் என் அக்கா அலற வேண்டும்.

அன்று காலையில் அவள் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“டாக்டர்கிட்ட போயிருந்தேன்டா. தொண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். மூணு வாரம் பேசவே கூடாதுன்னுட்டார்.”

“அப்புறம் எதுக்கு வந்தே? பேசாம வீட்டுக்குப் போ.”

“திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கே.”

அடுத்த எபிசோடில் ஆறாவதாக ஒரு வீராங்கனை வருகிறாள். பெயர் உள்ள பாத்திரம், பக்கம் பக்கமாக வசனம். அந்தக் குரல் தேர்வுக்கு டைரக்டர் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார், அதில் அக்கா ஒருத்தி. இன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று சொன்னால் பட்டியலிலிருந்து முதலில் அடிபடுவது அவள்தான். இது எனக்கும் தெரியும்.

“ஒரே ஒரு அலறல் தாங்கும்” என்றாள். “ரிகர்சல்லயே முழுசா கத்திடறேன். நீ அதையே பிடிச்சுடு. ரெண்டாவது டேக் மட்டும் வேணாம்டா.”

“நான் பாத்துக்கறேன், நீ கவலைப்படாதே” என்றேன். எனக்கு வாய் மட்டும் எப்போதும் நன்றாக வேலை செய்யும்.

எங்கள் தொழிலில் அலறலுக்கு ஒரு முறை இருக்கிறது. பேச்சுக்கு வைத்த அளவிலேயே மைக்கை விட்டுவைத்தால், அலறும்போது சத்தம் கிழிந்துவிடும். அளவைக் குறைத்துவிட்டுத்தான் ரெக்கார்டிங் பட்டனில் கை வைக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் அரக்கன் கோட்டைக் கதவைப் பிய்த்து எறிந்தான். நான் பட்டனை அழுத்தினேன். அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன், கை தானாகத் தொண்டைக்குப் போனதைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய ஒலி அளவு மீட்டரை மட்டும் பார்க்கவில்லை.

ஒன்பது வருடத்தில் அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“பிரமாதம். போட்டுக் காட்டு தம்பி.”

போட்டேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கரகரவென்று கிழிந்திருந்தது. நான் அளவைக் குறைக்கவே இல்லை.

“என் தப்பு சார். எப்படியாவது சரிபண்ணிடறேன்.”

“கிழிஞ்ச சத்தத்துக்கு ஒட்டுப் போட முடியுமா என்ன?”

“பழைய எபிசோட் அலறல் எதையாவது எடுத்துப் போட்டுடலாமே சார்?”

“போன மாசம் அப்படிப் போட்டுத்தானே ரசிகருங்ககிட்ட மாட்டினோம். உங்க அக்காதான் உள்ளயே இருக்காங்களே. இன்னொண்ணு எடுத்துடலாம்.”

அவர் நல்ல மனிதர், குரலைக்கூட உயர்த்தவில்லை. கோபப்படுவதற்கு அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால் திங்கட்கிழமை போய்விடும், சொல்லாவிட்டால் தொண்டை போய்விடும். கடைசியில் உள்ளே பேசும் பொத்தானை அழுத்தி, “அக்கா, இன்னொரு தடவை” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இந்த முறை அளவு சரியாக இருந்தது. அலறல் நன்றாகத்தான் கிளம்பியது, பாதியில் உடைந்துபோனது.

“உடையறதும் பயத்துல உடையற மாதிரியேதான் இருக்கு. ஓகே” என்றார் டைரக்டர்.

திரையில் ஐந்து பேரும் ஒருவழியாக வசனத்தை முடித்து அரக்கனைச் சாய்த்தார்கள். பொதுமக்களில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் மூச்சு விட்டேன். திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அதுவரை இவள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

டைரக்டர் பொத்தானை அழுத்தினார். “ஏம்மா, இவ்வளவு நல்லாப் பண்றீங்க, திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? அந்த வீராங்கனையோட முதல் வசனத்த இப்பவே சொல்லிடுங்க. எம் மனசுல நீங்கதான் இருக்கீங்க.”

ஒன்பது வருடம் கழித்து வந்த வரம், நான்கு நாள் பொறுக்காமல் வந்தது. அக்கா முகம் மலர்ந்ததையும் பார்த்தேன், உடனே வெளிறியதையும் பார்த்தேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை இத்தனை நாளும் பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன்.

காகிதத்தை ஸ்டாண்டில் வைத்தாள். ‘யாரும் பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்.’ அவ்வளவுதான் வசனம். நான் அளவை மூன்று முறை சரிபார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் உதடுகள் அசைந்தன. மீட்டர் அசையவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னாள். வெறும் காற்றுதான் வந்தது.

“என்ன தம்பி, சத்தமே காணோம்?”

“மைக் போயிடுச்சு சார்” என்றேன். “ரெண்டு நாளா தகராறு பண்ணிட்டிருந்துச்சு. மாத்தி வெக்கறேன், திங்கக்கிழமையே பாத்துக்கலாம்.”

“அப்படியா?” என்றவர், நான் தடுப்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார். “மைக்கை ஒரு தட்டுத் தட்டுங்கம்மா. வேலை செய்யுதான்னு பாப்போம்.”

பொத்தானை அழுத்தினால் ஒழிய நாங்கள் பேசுவது உள்ளே கேட்காது. நான் சொன்ன பொய் அவளுக்குத் தெரியாது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோளாறு அதில்தான் என்று அந்த ஒரு நொடி அவளும் நம்பிவிட்டாள். ஆசையாக விரலை மடக்கித் தட்டினாள்.

டொக், டொக் என்று ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. அவள் ஹெட்போனிலும் கேட்டிருக்கும்.