நிலவறைத் தூம்பு

என் ஓரகத்தி மலர்கொடியைப் பற்றி யாரும் என்னிடம் நல்லபடியாகச் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். இருந்தாலும் எல்லோரும் வந்து சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

எங்கள் மாமனார் வாழைப்பழ மண்டி வைத்திருந்தவர். வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. திருவையாற்றிலிருந்து வரும் பூவன் தார்களை அதில் அடுக்கி, பானையில் சருகும் உமியும் போட்டுப் புகைய விட்டு, மேல் பலகையை இறுக்க மூடிச் சந்துகளில் சாணி மெழுகிவிடுவோம். மறுநாள் திறந்தால் காய் நிறம் திரும்பியிருக்கும். மூட்டம் போடுவது என்று இதற்குப் பேர். கார்த்திகைக் குளிரில் வெளியில் வைத்த காய் ஒரு வாரமானாலும் கல்லாகவே கிடக்கும். அதனால் நிலவறை வைத்திருப்பவர்களைத் தேடித்தான் கல்யாண ஆர்டர் வரும்.

மாமனார் போன பிறகு வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். நிலவறைக்குள்ளும் அந்தச் சுவர் இறங்கியது. கிழக்குப் பாதி என் வீட்டுக்காரர் ஜெயபாலுக்கு, மேற்குப் பாதி கொழுந்தனுக்கு. கொழுந்தன் சிங்கப்பூரில் இருக்கிறார். அந்தப் பக்கத்து மண்டியைப் பார்ப்பது மலர்கொடிதான்.

பிரித்ததில் எனக்கு வந்தது ஈரப் பாதி. தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு வந்ததில், படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது படி இறங்கி நுழைகிறோம். நிலவறைக்குக் காற்று வர வைத்த துவாரம் சாக்கடை மட்டத்துக்கு வந்துவிட்டது. அந்தத் துவாரமும் என் பாதியில்தான். மழை வலுத்தால் என் பக்கம் தரை சொதசொதவென்று ஆகிவிடும். அவள் பக்கம் உலர்ந்து கிடக்கும். அவள் பழம் ஒரே சீராக மஞ்சளாகும், என் பழம் காம்பில் கறுக்கும்.

நான் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. வாசலில் கட்டை எழுப்பினேன். துவாரத்துக்கு மணல் மூட்டை வைத்தேன். கசிவு நிற்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்ததையெல்லாம் டப்பா டப்பாவாக வாங்கிச் சுவரில் பூசினேன். எல்லாம் அப்பளம்போல உப்பி உதிர்ந்தது.

“மலர் தரையில குழி வெட்டி மோட்டார் வச்சிருக்குல்ல, நாமளும் ஒண்ணு வச்சுடுவோம்” என்றார் என் வீட்டுக்காரர்.

“அவ வச்சா நானும் வைக்கணுமா? அவ மூக்குத்தி மாத்துனா நானும் மாத்தணுமா?” என்றேன். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

இந்த வருஷம் வயிறு எரிய இன்னொரு காரணமும் சேர்ந்தது. மலர்கொடி ரீல்ஸ் போட ஆரம்பித்திருந்தாள். மூட்டத்தைப் பிரித்து, புகைக்குள்ளிருந்து ஒரு சீப்பைத் தூக்கிக் காட்டி, கன்னத்தில் குழி விழச் சிரிப்பாள். அதற்கு ஊர்ப்பட்ட லைக். கல்யாண காண்ட்ராக்டர் குஞ்சிதபாதம், என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் மண்டியில் எடுப்பவர், இந்தக் கார்த்திகை முகூர்த்தத்துக்கு என்னிடம் பாதி, அவளிடம் பாதி என்று பிரித்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. யார் பழம் நல்லா இருக்கோ, தை மாசக் கல்யாணம் பூரா அவங்களுக்குத்தான்” என்று சிரித்துக்கொண்டே வேறு சொன்னார்.

அன்றைக்கு நிலவறையில் இறங்கி நின்று யோசித்தேன். நடுச்சுவரின் அடியில் கையளவில் ஓர் ஓட்டை இருக்கிறது. தூம்பு என்போம். சுவர் கட்டிய கொத்தனார் ஏனோ விட்டுவைத்தது. என் பக்கத்தில் எங்கே காய்ந்தாலும் அந்தத் தூம்படியில் மட்டும் ஈரம் போகாது. அந்தப் பக்கம் அவள் மோட்டார் ஓடும்போதெல்லாம் அங்கே தண்ணீர் சளசளக்கும். எனக்கு அப்போது பளிச்சென்று விளங்கியது. அடிப்பாவி! உன் தண்ணீரையா இத்தனை நாளாக என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாய்?

மறுநாள் அவள் குடவாசலில் ஒரு காதுகுத்துக்குப் போனாள், பச்சையில் அரக்குக் கரை போட்ட புதுப் புடவை கட்டிக்கொண்டு. அவள் தெருமுனை தாண்டியதும் நான் சிமெண்டைக் குழைத்து, ஓட்டுச் சில்லுகளைப் போட்டு, தூம்பை இறுக்க அடைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் தார்களை இறக்கி மூட்டம் போட்டேன். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. காலையில் பலகையைத் தூக்கினேன். புகை வரவில்லை. குப்பென்று சாக்கடை நாற்றம் வந்தது. டார்ச் அடித்தால், புகைப்பானை தண்ணீரில் மிதக்கிறது. முழங்கால் ஆழம். கீழ்வரிசைத் தார்கள் முழுக்க முங்கிக் கிடந்தன. எத்தனையோ மழை பார்த்திருக்கிறேன், இவ்வளவு தண்ணீர் என் பாதியில் நின்றதே இல்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேல்வரிசை இன்னும் நனையவில்லை. தண்ணீரை உடனே வடித்து மறுபடி புகை போட்டால் அதையாவது காப்பாற்றலாம். இல்லாவிட்டால் முகூர்த்தத்துக்குப் பழம் இல்லை, தை மாசமும் இல்லை. குஞ்சிதபாதத்தை அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

அவள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது என்று போனைத் திறந்தேன். புது ரீல்ஸ் போட்டிருந்தாள். காலையிலேயே மூட்டம் பிரித்தாகிவிட்டது. தார்களையெல்லாம் உயரமாகப் பலகை போட்டுக் கொலு வைத்ததுபோல அடுக்கியிருக்கிறாள். என்ன ஒரு பகட்டு! “இந்த மழைக்கு எங்க நிலவறையில ஒரு சொட்டுத் தண்ணி இல்லைங்க” என்று சிரிக்கிறாள்.

ஒரு சொட்டு இல்லை. அப்போதுதான் உறைத்தது. ராத்திரி முழுக்க அவள் மோட்டார் ஓடவேயில்லை.

தண்ணீர் அங்கிருந்து வரவில்லை. இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. தரை மேற்கே சரிவு. தூம்படியில் ஈரம் போகாததற்குக் காரணம், என் தண்ணீர் முழுக்க அந்த வழியாகத்தான் வெளியேறியது. வருஷா வருஷம் அவள் குழியில் இறங்கி, அவள் மோட்டாரில் ஏறிக் கொல்லைக்குப் போனது என் தண்ணீர். ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லியிருந்தால் வாய்க்கு வாய் சண்டையாவது போட்டிருப்பேன். சொல்லாமல் செய்கிறவளை என்ன செய்வது?

கடப்பாரையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அடைப்பு தண்ணீருக்குள் கைக்குத் தட்டுப்பட்டது. கடப்பாரையை அதன் மேல் ஊன்றியபோதுதான் அடுத்த எண்ணம் வந்தது. இதை உடைத்தால் இத்தனை சாக்கடைத் தண்ணீரும் ஒரே பாய்ச்சலில் அவள் பக்கம் இறங்கும். பழுத்து நிற்கிற பழம். மழையில் பெயர்ந்துவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ரெண்டு பேருக்கும் பழம் இல்லை என்றாகிவிடும். அவள் என்ன ரீல்ஸ் போடுகிறாள், பார்க்கலாம்.

ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கடப்பாரையை ஓங்கியவளுக்குச் சுவரின் மேல் சந்து வழியாக ஒரு வாசனை வந்தது. பூவன் பழுத்துத் திரும்பும் வாசனை. முதல் தரமான மூட்டம், கொஞ்சம்கூடப் புகை தூக்கலாக இல்லை. இத்தனை வருஷம் இந்த வேலை செய்த கை அப்படியே நின்றுவிட்டது. அவள் தலையில் கொட்டச் சொன்னால் யோசிக்காமல் கொட்டியிருப்பேன். பழத்தின் மேல் கொட்ட மனசு வரவில்லை.

“மலரு!” என்று கத்தினேன். “கீழ இருக்கியா?”

“இருக்கேன்க்கா.” சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள்.

“தாரையெல்லாம் மேல ஏத்து. தூம்பை உடைக்கப் போறேன்.”

“ஏத்தியாச்சுக்கா. மோட்டாருக்கும் ஒயர் மாட்டிட்டேன். நீங்க உடைங்க.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “உனக்கு எப்படித் தெரியும்?”

“குடவாசல்லேர்ந்து வந்து பாத்தா, உங்க சிமெண்ட் ஓட்டை வழியா பிதுங்கி இந்தப் பக்கம் வழிஞ்சு கெடந்துச்சு.”

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா இன்னொரு சட்டி குழைச்சுப் பூசியிருப்பீங்க.”

பூசித்தான் இருப்பேன். இருந்த கோபத்தையெல்லாம் கடப்பாரையில் போட்டு இடித்தேன். நாலாவது இடியில் அடைப்பு பெயர்ந்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அந்தப் பக்கம் மோட்டார் உறுமத் தொடங்கியது. முழங்காலிலிருந்து கெண்டைக்கால், கெண்டைக்காலிலிருந்து கணுக்கால் என்று தண்ணீர் இறங்க இறங்க என் கீழ்வரிசை சேறு பூசிக்கொண்டு வெளியே வந்தது. ஒன்றுகூடத் தேறாது.

தூம்பு வழியாக அவள் குரல் கேட்டது. குனிந்து உட்கார்ந்து பேசுகிறாள் போலிருக்கிறது. “எவ்வளவு போச்சுக்கா?”

“கீழ்வரிசை பூரா.”

“என்கிட்ட கூடுதலா ஒரு வரிசை பழுத்து நிக்குது. எடுத்துக்கங்க. உங்க வண்டியிலயே ஏத்திடுங்க.”

“வேணாம்.”

“நாளன்னிக்கு முகூர்த்தம்க்கா.”

கேட்காமலே கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறாள். தூம்பு அடைபட்டதைப் பார்த்த அன்றைக்கே போட்டிருப்பாள். உதவி என்று நான் போய் நிற்கும் முன்னாலேயே முந்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அது பழம் போன அழுகையா, இவள் இப்படி இருக்கிறாளே என்ற அழுகையா, எனக்கே தெரியவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு தூம்பருகில் குனிந்தேன்.

“சரி, கொடு” என்றேன். “ஆனா ரீல்ஸ்ல போட்டுத் தொலைக்காத.”

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரிப்புகூட அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சனியன்.