ஒன்பதாம் மாடி அண்ணன்

எங்கள் அடுக்குமாடியின் ஃபேஸ்புக் குழுவில் ‘ஒன்பதாம் மாடி அண்ணன்’ என்றால் எல்லாருக்கும் உதறல். ஜன்னல் வழியாகக் குப்பை வீசுகிறவர்கள் முதல் நிர்வாகக் குழுத் தலைவர் சுகுமாறன் வரை, ஒருத்தரையும் விடாமல் வாங்கு வாங்கென்று வாங்குவார். அந்தப் பெயரில் எழுதுகிற அண்ணன் நான்தான். பெயர் டொரத்தி. வயது நாற்பத்தொன்று. மலேசியாவில், மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை.

வாயைத் திறந்தால் எனக்குத் திக்கும். நான் ஒரு சொல்லை முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் தானே சொல்லி முடித்துவிடுவார். எனக்கு வருகிற ஆத்திரம் இருக்கிறதே! அதையெல்லாம் விரல் வழியாகப் போனில் இறக்கிவிடுவேன்.

லிஃப்ட் கெட்டு நான்கு மாதம். என் வீட்டுக்காரர் நைஜலுக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் படியில் தூக்கி இறக்குவார்கள். போன வாரம் ஒருவருக்குக் கால் வழுக்கி, நைஜல் தலை சுவரில் மோதியது.

“இனிமே நான் போகல டொரத்தி. விட்டுடு” என்றார். போகாவிட்டால் எத்தனை நாள் தாங்குவார்?

எதிர்வீட்டுப் பழனியப்பன்தான் அந்த அண்ணன் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. பெரிய மீசை, பெரிய குரல். அவரும் மறுக்கவில்லை. அண்ணன் என்ற பேருக்காகக் கீழ்க்கடையில் தே தாரிக் டீ சும்மா கிடைத்தால் யார் மறுப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பாளர் கூட்டத்தில் சுகுமாறன் மைக்கைப் பிடித்தார்.

“முகம் காட்டாத ஆளு லிஃப்ட் பத்தி எழுதினா, நான் ஏன் பதில் சொல்லணும்? அந்த அண்ணன் நேர்ல வந்து கேட்கட்டும் லா. இப்பவே லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போடுறேன்.”

எல்லாத் தலையும் பழனியப்பன் பக்கம் திரும்பியது. அவர் செருப்பைப் பார்த்தார்.

“ஐயோ, நான் இல்ல பாஸ்! சாமி சத்தியமா!”

“பாத்தீங்களா? போன்லதான் புலி” என்று சிரித்தார் சுகுமாறன். “சரி, அடுத்த விஷயம்.”

அடுத்த விஷயமாம்! நான் எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கினேன்.

“நா... நா... நான்தான் அ... அண்ணன்.”

“அக்காவா!” என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. நான் நிறுத்தவில்லை.

“எ... எங்க வீட்டுக்காரர நா... நாப்பத்தெட்டு தடவ தூ... தூக்கி எறக்கியிருக்கோம். எ... எங்களுக்கு லி... லி... லி...”

“லிஃப்ட்தானே? புரியுது ஆன்டி, உட்காருங்க” என்றார் சுகுமாறன்.

கையை உயர்த்தினேன். “நா... நான் இன்னும் மு... முடிக்கல.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“லி... லி... லிஃப்ட் வேணும். இ... இப்ப போன் பண்ணுங்க.”

முதலில் கை தட்டியது பழனியப்பன். பிறகு மொத்தக் கூட்டமும், “போன்! போன்!” என்று நாற்காலியைத் தட்டியது. சுகுமாறன் வேர்த்து விறுவிறுத்துப் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

புதன்கிழமை லிஃப்ட் ஓடியது. அன்று டயாலிசிஸ் முடிந்து நைஜலோடு உள்ளே நுழைந்தேன். பழனியப்பன் பட்டன் பக்கம் நின்றிருந்தார்.

“எந்த மாடி, அண்ணே?” என்றார் என்னைப் பார்த்து.

“ஒ... ஒ... ஒ...”

எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாத மாடியா? ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை, பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தார்.