கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

அந்தப் பேய்ப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் ஒரு தடவைகூடக் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊர்க் கேபிள்காரரிடம் இருந்ததே அந்த ஒரு பேய்ப் படம்தான். வெள்ளிக்கிழமையானால் போட்டுவிடுவார். எழுந்து போனால் அண்ணன்மார் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள். அதனால் பாவாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, முழுப் படத்தையும் காதாலேயே பார்த்து முடிப்பேன். கிணற்று ராட்டினம் எப்போது கிறீச்சிடும், நாய் எங்கே ஊளையிடும், எந்த இடத்தில் எல்லாச் சத்தமும் அடங்கிப் பேய் வரும் என்று எனக்கு மனப்பாடம். பேயின் மூஞ்சி மட்டும் தெரியாது.

அந்த மூஞ்சியைக் காட்டுகிறேன் என்று மதிவதனி கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலைக்கு வந்த சுங்குவார்சத்திரத்தில் லூர்தம்மாள் வீட்டு மாடியறையில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். நான், காஞ்சிபுரம் பக்கத்து மதிவதனி, எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி முப்பிடாதி. மூவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன், அந்த வாரம் நைட் ஷிப்ட். ஊருக்கெல்லாம் விடியும்போதுதான் எங்களுக்கு ராத்திரி. மதியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து புளூ-ரே பிளேயர் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தூசி தட்டி, கீறல் நீக்கி, புது டிஸ்க்காக விட்டிருந்தார்கள்.

"ஓனரம்மா சர்ச்சுக்குப் போயிட்டாங்க. கரண்ட்டும் கீது. இப்ப விட்டா கெடைக்காதுடி இசக்கி" என்று மதி ஜன்னலில் போர்வையைக் கட்டினாள். அது மின்வெட்டுக் காலம். கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

முப்பிடாதி அழுக்குத் துணி வாளியைத் தூக்கினாள். "இந்தப் பேய்க்கூத்த நீங்களே பாருங்கட்டி. நான் கீழ போயி தொவைக்கேன்."

"கீய தனியா இருப்பியா? பாதில அலறிக்கினு ஓடியாரப் போற, பாரு" என்று மதி சீண்டினாள்.

"யாரு, நானா? படம் முடியுத மட்டும் மேல ஏறுனேம்னா எம் பேர மாத்திக் கூப்பிடுட்டி!"

வீராப்பாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட குளியலறை. அதைத் தாண்டினால் பிளாட் போட்டு யாரும் வீடு கட்டாத காடு, முள்ளும் புதருமாகக் கிடக்கும்.

படம் ஓடியது. நான் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அடப்பாவி! பேய்க்கு மூஞ்சியெல்லாம் மாவு. டோப்பா முடி நெற்றியில் ஒட்டிய இடம் அப்படியே தெரிகிறது. மணிக்கட்டில் வாட்ச் கட்டிய தடம் வேறு. இதற்காகவா இத்தனை வருஷம் பாவாடைக்குள் கிடந்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பேய் வரும்போதெல்லாம் மதி வேண்டுமென்றே 'ஆ'வென்று அலறினாள். நானும் கூடச் சேர்ந்து அலறினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கிணற்றுக் காட்சி வந்தது. ராட்டினம் கிறீச்சிட்டு நின்றது. நாய் ஊளையிட்டு ஓய்ந்தது. இனி எந்தச் சத்தமும் இருக்காது.

டொங்.

நான் மதியின் கையைப் பிடித்தேன். "மதி, இந்த எடத்துல சத்தமே கெடையாதுட்டி."

"உன் ஊரு டப்பா டிவில கேட்டிருக்காது. இது புளூ-ரேடி, அப்ப கேக்காததெல்லாம் இப்ப கேக்கும்."

"இல்லவே இல்ல. பின்னால தள்ளிப் போடு."

தள்ளிப் போட்டாள். ராட்டினம், நாய், அமைதி. அந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். கதாநாயகி கிணற்றை எட்டிப் பார்த்தாள். டொங். டொங்.

அதே டிஸ்க், அதே காட்சி. சத்தம் மட்டும் இடம் மாறிவிட்டது. மதியின் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினாள். திரையில் பேய் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது.

டொங்.

மதி ஓடிவந்து என் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். பழைய வழக்கம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடியதும் காது திறந்துகொண்டது. சத்தம் டிவியிலிருந்து வரவில்லை, ஜன்னல் பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது. அங்கே மாடித் தொட்டிக்குப் போகிற இரும்புக் குழாய். அந்தக் குழாய் கீழே போவது குளியலறைக்கு. முதலில் கேட்டதைவிட அடி மெலிந்திருந்தது.

"முப்பிடாதி" என்றேன்.

"வெளையாட்றா. நான் வர்லடி, சத்தியமா வர்ல" என்றாள் மதி.

நான் இறங்கினேன். விளையாட்டாக மட்டும் இருக்கட்டும், அவளைச் செருப்பால் அடிக்கிறேன் என்று திட்டிக்கொண்டே இறங்கினேன். "ஏட்டி முப்பிடாதி!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே குழாய் திறந்தே கிடந்தது. தகரக் கதவின் அடியில் சோப்புத் தண்ணீர் ஓடி வந்தது. அந்தத் தண்ணீரோடு ஒரு கை வெளியே நீண்டிருந்தது. விரல்கள் மெல்ல அசைந்தன.

நான் போட்ட அலறல் எனக்கே கேட்கவில்லை. திரும்பி ஓட இரண்டு எட்டும் வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்த மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கண்ணில் பட்டது. எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நானும் முப்பிடாதியும் ஒன்றாகக் கட்டிக்கொண்ட கயிறு.

கதவை உதைத்தேன். கொண்டி பிய்ந்து வந்தது. குழாயோரம் சாய்ந்து கிடந்தாள். இன்னொரு கையில் எவர்சில்வர் சொம்பு. இமை இரண்டும் பாதி மூடித் தொங்கின. என்னைப் பார்த்து வாயை அசைத்தாள், எச்சில்தான் வழிந்தது. பாதம் வீங்கி, அதில் இரண்டு பொட்டு ரத்தம்.

"மதி! பாம்பு!"

வரமாட்டேன் என்றவள் செருப்புகூடப் போடாமல் பறந்து வந்தாள். எதிர்வீட்டு டில்லிபாபு அண்ணனின் ஷேர் ஆட்டோவில் முப்பிடாதியைத் தூக்கிப் போட்டோம். "தூங்காதட்டி, தூங்காத, ஒங்கம்மைக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று வழியெல்லாம் கத்தினேன். மூச்சு வாங்க அவள் தவித்தாள். என் உள்ளங்கையில் ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டே வந்தது. அது நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அது நின்றுவிட்டது.

டாக்டர்கள் விடவில்லை. ஊசி போட்டு, தொண்டையில் குழாய் விட்டு, மிஷினில் மூச்சு கொடுத்து, போன உயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பேச்சு திரும்பிய அன்று முப்பிடாதி சொன்னாள்: "துணிக்குள்ள கால வச்சதும் சுருக்குன்னுச்சு. எலின்னு நெனச்சேன். மேல வந்தா இவ பேர மாத்திருவாளேன்னு தொவைச்சிட்டே இருந்தேன். பெறகு நாக்கு பெரளல, கால் எழும்பல. சொம்ப வச்சு தட்டுனேன்."

மதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஒங்க சத்தம் நல்லா கேட்டுச்சுட்டி. நீங்க அலறும்போதெல்லாம், நான் தட்டுனது கேட்டுத்தான் அலறுதீங்க, இந்தா வந்துருவாளுவன்னு நெனச்சேன். பெறகு சிரிச்சீங்க."

நாங்கள் இருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

பொங்கல் கழிந்து ஊரிலிருந்து அறைக்குத் திரும்பிய முப்பிடாதி, அந்தப் படத்தைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. ஜன்னலில் போர்வை கட்டாமல், வால்யூமைக் குறைத்துப் போட்டோம். முப்பிடாதி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ராட்டினம் கிறீச்சிட்டது. நாய் ஊளையிட்டது. எல்லாச் சத்தமும் அடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் சத்தமில்லை. குழாயில் சத்தமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் விரல் நின்ற மாதிரி இருந்தது.

"பேய் போயிட்டாட்டி?" என்று முப்பிடாதி என் காதருகே கேட்டாள். அவளும் கண்ணை மூடியிருந்தாள். அவள் கை என் கைக்குள்தான் இருந்தது. இருந்தும் அந்தக் கையை உதறிவிட்டு, படியில் விழாத குறையாக இறங்கி ஓடினேன். மேலே இருவரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. குளியலறைக் கதவைத் திறந்தேன். வாளியும் கவிழ்த்து வைத்த சொம்பும்தான் இருந்தன. கதவைச் சாத்தினேன். மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை திறந்து பார்த்தேன்.